கால்நடையாகப் போவோர்க்கு ஒரு வழி

தமிழில் வழியைக் குறிக்கும் சொற்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வழி, நெறி, தடம், பாதை, சாலை, தெரு, வீதி, மறுகு, சந்து, முடுக்கு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் தடம் என்பது காலடிச் சுவட்டையும் குறிக்கும், பாதையையும் குறிக்கும். ஆள் நடந்து நடந்து உண்டானது ஒற்றையடிப் பாதை. நெறி என்பது நடக்கும் வழிக்கும் பெயர், நல்லொழுக்கத்துக்கும் பெயர். ஒருவர் யோக்கியர் என்பதைக்கூட 'நல்ல நடத்தை உள்ளவர்' என்றுதான் சொல்கிறோம். ஆக, நம் மொழியில் வழி என்பது காலிலிருந்து தொடங்குகிறது. இன்றைக்கோ 'ரோடு' என்றதும் மனசுக்குள் வண்டிதான் வருகிறது, ஆள் வருவதில்லை. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது, அதைச் சரிசெய்ய என்ன வழி என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பொறியாளன் அல்லன், பாத்திர வியாபாரி. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்பைத் தேடி இந்த எல்லைப் பகுதிக்கு வந்தவன். காஞ்சிரங்குளத்தில் ரோட்டோரக் கடையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு ரோடு ஒரு பாடப் புத்தகம் மாதிரி. யார் எப்படி நடக்கிறார்கள், எங்கே கடக்கிறார்கள், எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். மற்றதெல்லாம் நூல்களிலும் அரசு வெளியீடுகளிலும் படித்தவை.

எங்கள் ஊர்

காஞ்சிரங்குளம் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில், விழிஞ்ஞத்திலிருந்து பூவாறு செல்லும் சாலையில் உள்ளது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. அதனால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் தமிழும் வீதியில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு. உறவும் சந்தையும் எல்லைக்கு இருபுறமும் கிடக்கின்றன.

இங்கே அரசுக் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் ரோட்டின் இரு ஓரமும் பிள்ளைகள்தான். மீன் கூடையுடன் வரும் அம்மாமார், ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோர் எல்லாரும் நடந்தே வருகிறார்கள். ஆனால் நடப்பதற்கென்று தனி இடம் பல இடங்களில் கிடையாது. மழைநீர் ஓடையை மூடிய ஸ்லாப்தான் நடைபாதை. அதிலும் ஒரு ஸ்லாப் உடைந்திருக்கும், ஒன்று ஏறி இறங்கி இருக்கும், மூன்றாவதன்மேல் பைக் நிற்கும். நடப்பவர் என்ன செய்வார்? தாருக்கு இறங்குவார். இறங்கும் அந்த நொடியில்தான் ஆபத்து.

இதற்கிடையே ஊரின் நிலைமையும் மாறிவிட்டது. தேசிய நெடுஞ்சாலை 66இன் புறவழிச்சாலையில் முக்கோலை முதல் காரோடு வரையிலான ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கான்கிரீட் சாலை எங்கள் பக்கமாகத்தான் செல்கிறது. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. துறைமுகம் வளர வளர லாரியும் வளரும். வியாபாரி என்ற முறையில் இந்த வளர்ச்சியை நான் வரவேற்கிறேன். அதே சமயம், லாரி பெருகிய பிறகு பிள்ளைகளுக்கு வழி தேடுவது காலம் கடந்த வேலை. அதற்கு முன்பே தேட வேண்டும்.

முன்னோர் நடப்பவரையே நினைத்தார்கள்

பழைய சாலைகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். அவை நடப்பவரின் உடம்பை அளந்து செய்யப்பட்டவை. சுமைதாங்கிக் கல்லை நம்மில் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். நட்ட இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல், அவ்வளவுதான். ஆனால் அதன் உயரத்தைக் கவனிக்க வேண்டும். தலைச்சுமையோடு வருகிற ஆள், குனியாமல், பிறர் உதவியில்லாமல், சுமையை அப்படியே நகர்த்தி வைக்கவும் திரும்ப எடுக்கவும் ஏற்ற உயரம் அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகிற யாரோ ஒருவரின் சுமையை இறக்கி வைப்பது என்ற எண்ணம்! திருவிதாங்கூரில் இதையே அத்தாணி என்றும் சொல்வார்கள். வழியில் தங்க வழியம்பலம், குடிக்கத் தண்ணீர்ப் பந்தல், வெயிலுக்குச் சாலை மரம் என்று மற்ற ஏற்பாடுகளும் இருந்தன. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன.

சமணருக்கு நடை என்பது அறத்தின் பகுதி. எங்கள் முனிவர்கள் வண்டி ஏறுவதில்லை, செருப்பணிவதில்லை. நடக்கும்போது முன்னால் நான்கு முழம் நிலத்தைப் பார்த்து, எந்த உயிரும் காலடியில் நசுங்காமல் நடக்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஈர்யா சமிதி என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனோடும் கண்ணகியோடும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்து வரும் கவுந்தியடிகள் சமணத் துறவி என்பது அன்பர்கள் அறிந்ததே. எல்லைக்கு அந்தப் பக்கம், மார்த்தாண்டம் அருகே சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. திருச்சாரணத்து மலை என்பது அதன் பழம்பெயர். அங்கு வந்த துறவியர் எல்லாரும் நடந்தே வந்தவர்கள். இன்று நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் விடியற்காலை நடந்து செல்லும் சமணத் துறவியர் வண்டி மோதி இறக்கும் செய்தியை அவ்வப்போது படிக்கிறோம். எறும்புக்கு வழிவிட்டு நடப்பவருக்கே வழியில்லாமல் போயிற்று என்றால், பள்ளிப் பிள்ளையின் கதி என்ன?

இந்த மண்ணில் வழிக்காக நடந்த போராட்டம்

பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தச் சாலையும் அம்பலமும் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்து ஊரான வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. அவரைச் சேர்ந்த மக்கள் பொதுச் சாலையில் நடக்கக்கூடாது என்ற காலம் அது. 1893இல் அவர் வில்லுவண்டி ஒன்றை வாங்கி, மேல்சாதியார் போலவே உடுத்தி, அந்தச் சாலையிலேயே ஓட்டிச் சென்றார். பிறகு தோழர்களோடு சாலையில் நடந்து சென்றபோது பாலராமபுரத்தில் தாக்கப்பட்டார். தடியடிக்குப் பிறகும் நடை நிற்கவில்லை.

அடுத்து வைக்கம். 1924 மார்ச் 30ஆம் தேதி தொடங்கிய சத்தியாகிரகம் 1925 நவம்பர் வரை நடந்தது. அது முதலில் கோயிலுக்குள் போகும் உரிமைக்காக நடந்ததன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக நடந்தது. ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் ஈ.வெ.ரா. அதில் இருமுறை சிறை சென்றார். போராட்டத்தின் பயனாக மூன்று பக்கத் தெருக்கள் திறந்துவிடப்பட்டன. 1936 நவம்பரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகே முழு உரிமை கிடைத்தது.

இதை இங்கே எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. அன்று 'நடக்காதே' என்று வாயால் சொன்னார்கள். அதை எதிர்த்து நிற்க முடிந்தது. இன்று யாரும் நடக்காதே என்று சொல்லவில்லை. ரோட்டை அகலப்படுத்தும்போது நடக்கும் இடத்தை எடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். பொதுவழியில் நடக்கும் உரிமையைப் பெரும்பாடு பட்டுப் பெற்ற மண்ணில், அது சத்தமில்லாமல் கழன்று போகிறது.

எண்கள் சொல்லும் செய்தி

'இப்பெல்லாம் யார் நடக்கிறாங்க? எல்லாருக்கும் வண்டி இருக்கே' என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமல்லாத வேலைக்குப் போவோர் எப்படிப் போகிறார்கள் என்று கேட்டார்கள். நாடு முழுவதும் நூற்றுக்கு 22 பேருக்கு மேல் நடந்து போனார்கள். 13 பேர் சைக்கிளில் போனார்கள். காரில் போனவர் நூற்றுக்கு 3 பேரைக்கூட எட்டவில்லை. அதன்பின் வண்டிகள் பெருகியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் போகிறவரும் இரண்டு முனையிலும் நடப்பவர்தானே? பிள்ளைகளையும் முதியோரையும் சேர்த்தால் நடப்போர் தொகை இன்னும் பெரிது.

மறுபக்கக் கணக்கு துயரமானது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றவர் 32,825 பேர். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நடந்து போனதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை.

வேகத்தின் கணக்கு

ஏன் சாகிறார்கள்? விதி என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வரும்.

வண்டியின் வேகம் இரட்டித்தால் அதன் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். இது பள்ளிக்கூடத்து இயற்பியல். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், ஆளைக் கண்டு பிரேக் போட்டு நிற்க, காய்ந்த ரோட்டில் ஏறத்தாழ 13 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 36 மீட்டருக்கு மேல் வேண்டும். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் இன்னும் கூடும். நமக்கோ ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65க்கு வேகம் ஏறினால், மோதப்பட்டவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தப் பதினைந்து கிலோமீட்டர் ஒரு நிமிட இலாபம். நடப்பவருக்கு அது உயிர்.

இன்னொரு கணக்கு, கடக்கும் நேரம் பற்றியது. இருவழி ரோடு 7 மீட்டர் அகலம் என்று வையுங்கள். திடமான ஆள் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார். கடக்க 6 வினாடி ஆகும். அந்த 6 வினாடியில் 60 கிலோமீட்டர் வேக வண்டி 100 மீட்டர் ஓடிவிடும். கைத்தடி ஊன்றும் பாட்டி வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார்; அவருக்கு ஏறத்தாழ 9 வினாடி வேண்டும். அதற்குள் வண்டி 150 மீட்டர் வந்துவிடும். ஆகவே அவர் நிற்கும் இடத்திலிருந்து 150 மீட்டர் தூரத்துக்கு ரோடு தெளிவாகத் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்து ரோடுகளோ செம்மண் மேட்டில் ஏறி இறங்கி, வளைந்து வளைந்து போகிறவை. எத்தனை பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் 150 மீட்டர் நேர்ப்பார்வை இருக்கிறது? பாட்டி கடக்கும்போது வண்டி கண்ணிலேயே தென்படாது. 'பார்த்துப் போகக் கூடாதா?' என்று அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

இதே ரோட்டை நான்கு வழியாக்கி, நடுவில் நின்று மூச்சு விட இடம் வைக்காவிட்டால் பாட்டிக்கு 17 வினாடிக்கு மேல் வேண்டும். நடுவில் ஒரு திட்டு வைத்துவிட்டால் கணக்கு இரண்டு பாதியாகப் பிரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும். இரண்டு மீட்டர் அகலத் திட்டுக்கு எவ்வளவு சிமெண்ட் செலவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நல்ல நடைபாதைக்கு இலக்கணம்

எழுத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் நடைபாதைக்கும் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் அமைப்பு நடப்போர் வசதிகளுக்கு 2012இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறி, இடையூறில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. கடைத்தெருவில் 2.5 மீட்டர். தலைக்கு மேல் 2.2 மீட்டர் வரை கிளையோ பலகையோ தட்டக்கூடாது. ஓரக்கல் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. இந்த 1.8 மீட்டர் எப்படி வந்தது? இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் இடிக்காமல் போக வேண்டும் என்பதே அளவு. நம் கணக்கில் அது நான்கு முழம். முனிவர் முன்னால் பார்க்க வேண்டிய நிலமும் நான்கு முழம், நடப்பவருக்குப் பக்கவாட்டில் வேண்டிய நிலமும் நான்கு முழம். இதைப் படித்தபோது எனக்குள் ஒரு மகிழ்ச்சி.

ஓரக்கல் உயரத்தை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். பல ஊர்களில் நடைபாதை முழங்கால் உயரத்தில் இருக்கிறது. வண்டி ஏறாமல் இருக்க உயர்த்திவிட்டோம் என்று காரணம் சொல்கிறார்கள். வண்டி ஏறவில்லை, வாஸ்தவம், மூட்டுவலிக்காரரும் ஏறவில்லை. அதோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பாதை இறங்கி ஏறும். நூறு அடிக்குள் ஆறு தடவை இறங்கி ஏறுவதைவிடத் தாரில் நடப்பது மேல் என்று ஆள் முடிவு செய்துவிடுவார். ஆகவே நடைபாதை தாழ்வாக, ஒரே மட்டமாக, தொடர்ச்சியாக இருக்க வேண்டும். வாசலுக்கு வண்டி போக வேண்டுமானால் வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். வண்டி நுழையாமலிருக்கக் குறுந்தூண் நட்டு, சக்கர நாற்காலி போகும் அளவு இடைவெளி விட்டால் போதும்.

அடுத்தது அடிக்கடி தோண்டும் தொல்லை. குடிநீர்க் குழாய், மின்கம்பி, கேபிள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதம் வெட்டுவார்கள். பெங்களூரில் டெண்டர்ஷூர் என்ற திட்டத்தில் செயின்ட் மார்க்ஸ் சாலை, ரெசிடென்சி சாலை போன்றவற்றை மாற்றியபோது இந்தக் குழாய்களையும் கம்பிகளையும் நடைபாதையின் அடியில் முறையாக அடுக்கி, திறந்து பார்க்க வாய்களும் வைத்தார்கள். மேலே அகலமான நடைபாதை. அந்நகரில் வாழும் நம்மவர் அதில் நடந்திருப்பார்கள்.

சைக்கிளுக்கும் இடம் வேண்டும்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் அளித்தார். தண்ணீர் எடுக்க, விளைபொருளை விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட, அண்ணனையோ புருஷனையோ எதிர்பார்க்காமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். அதன்பின் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்து வருகிறது. சைக்கிள் கொடுத்தாயிற்று. அதை ஓட்ட வழி கொடுத்தோமா?

சைக்கிளுக்குத் தனித்தடம் போட இடமில்லாத ரோடுகளே நம் பக்கத்தில் அதிகம். அங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாரின்மேல் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிடும், ஓரம் மண்ணாகக் கீழே நிற்கும். அந்த விளிம்பு நான்கு விரல், ஆறு விரல் உயரம். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் ஓரம் ஒதுங்குவார், முன்சக்கரம் விளிம்பில் நழுவும், அவர் ரோட்டுப் பக்கமே விழுவார். தார் போடும் ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவதும், ஓரத்தை அதே மட்டத்துக்கு இறுக்குவதும் ஒப்பந்தத்திலேயே இருந்தால் இந்த விபத்து பாதி குறையும். வேகமாக வண்டி போகும் பெருஞ்சாலையில் மட்டும் கட்டாயம் தனித்தடம் வேண்டும். வெறும் வெள்ளைக்கோடு போட்டால் ஒரு வாரத்தில் அது கார் நிறுத்தும் இடமாகிவிடும்.

கடைக்காரர் பயம்

என் சக வியாபாரிகள் கேட்பது எனக்குத் தெரியும். 'அண்ணாச்சி, நடைபாதை போட்டா வண்டி எங்க நிக்கும்? வண்டி நிக்கலேன்னா யாவாரம் எப்படி நடக்கும்?'

நியாயமான கேள்விதான். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். அந்தக் கார் காலையில் வந்து நின்றால், பல நேரம் மாலை வரை அசையாது. அதுவும் பெரும்பாலும் கடைக்காரருடைய காரே. அந்த இடம் நாள் முழுக்க ஒரு வாடிக்கையாளரைக்கூடக் கொண்டுவரவில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் நடந்தும் பஸ்ஸில் இறங்கியும் வருபவரே அதிகம். நடந்து வருகிறவர் கண்ணாடி அலமாரியைப் பார்ப்பார், நிற்பார், உள்ளே வருவார். காரில் போகிறவருக்கு என் கடை இருப்பதே தெரியாது.

சென்னைத் தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதையை மிக அகலமாக்கித் திறந்தார்கள். வியாபாரிகளுக்கு முன்னால் பயம் இருந்தது. இன்று அந்தத் தெருவில் குடும்பம் குடும்பமாக உலாவுகிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள். வியாபாரத் தெருவுக்கு வேண்டியது அந்த உலாவும் கால்கள்தாம்.

தலைநகரங்கள் தரும் பாடம்

2014இல் சென்னை மாநகராட்சி நடப்போர், சைக்கிள் ஓட்டுவோர் நலனுக்கென்று தனிக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. நடப்போர், சைக்கிள் ஓட்டுவோர் சாவே இருக்கக்கூடாது, 2018க்குள் நூற்றுக்கு 80 தெருக்களில் நடைபாதை வேண்டும் என்பன அதன் குறிக்கோள்கள். குறித்த ஆண்டு கடந்துவிட்டது, தெருவெல்லாம் நடைபாதை வந்துவிடவில்லை என்பதைச் சென்னை சென்று வருகிறவர் அறிவர். ஆனாலும் வண்டிக்கு முன் ஆள் என்று ஒரு மாநகரம் எழுதி வைத்தது பெரிய காரியம். எழுதிய சொல்லைக் காட்டித்தான் கேட்க முடியும்.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையில் 2022 ஆகஸ்டில் 104 மீட்டர் நீள நடைமேம்பாலம் திறந்தார்கள். லிப்ட்டும் உண்டு. நெரிசலான அந்த இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் எல்லா இடத்துக்கும் மேம்பாலமே மருந்து என்று நினைப்பது பிழை. வண்டி சமதரையில் போக, கூடை சுமக்கும் பெண்மணி முப்பது படி ஏறி இறங்க வேண்டும் என்றால், அவர் ஏறமாட்டார். கம்பி வேலியைத் தாண்டித்தான் போவார். சின்ன ஊருக்கு ஏற்றது, நடைபாதை மட்டத்துக்கு ரோட்டையே கொஞ்சம் உயர்த்திப் போடும் கடவை. அதில் வண்டி தானாக வேகம் குறையும், ஆள் ஏறாமல் இறங்காமல் கடப்பார். அதே தலைநகரில் வெள்ளையம்பலம் பக்கத்து மானவீயம் வீதியைப் போய்ப் பாருங்கள். சின்னத் தெருதான், மரநிழலும் அமர இடமும் உண்டு. மாலையில் பாட்டும் கூத்துமாக இருக்கும்.

சட்டம் நம் பக்கம்

சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். ஒடிந்த கை கால்களைக் கட்டிக் கட்டி அலுத்து, ஒடியாமலிருக்க வழி கேட்டுப் போன தமிழர் எனலாம். அந்த வழக்கில் 2025 மே 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நல்ல நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறியது. நடைபாதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பு இருக்கக்கூடாது என்றும் சொன்னது. அய்யன்காளி வண்டி ஓட்டிக் கேட்டதும், வைக்கத்தில் சிறைபட்டுக் கேட்டதும் இப்போது தீர்ப்பாக எழுதப்பட்டிருக்கிறது.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலும் இரண்டு பிரிவுகளை நாம் அறிந்திருக்க வேண்டும். 138(1அ) பிரிவு, நடப்போர்க்கும் சைக்கிள் போன்ற வண்டிகளுக்கும் விதி செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. 198அ பிரிவு, தரக்குறைவான சாலையால் உயிரோ உடல் உறுப்போ போனால், அதை வடிவமைத்தவர், கட்டியவர், பராமரிக்க வேண்டியவர் மீது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. இதுவரை விபத்து என்றால் ஓட்டியவரா நடந்தவரா என்று இருவரையே பார்த்தோம். மூன்றாவதாக ரோட்டையும் கூண்டில் நிறுத்தலாம் என்பது புதுமை.

நாம் செய்யக்கூடியது

முதலில், ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சாயத்து ரோடா, பொதுப்பணித் துறையுடையதா, தேசிய நெடுஞ்சாலையா? தவறான வாசலில் மனுக் கொடுத்தால் மனு ஊரைச் சுற்றி வரும். கேரளத்தில் கிராமசபை வார்டு தோறும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கோரம். 'நாம வேற பாஷைக்காரங்க, நமக்கென்ன' என்று நம்மவர் பலர் போவதில்லை. ரோட்டுக்குப் பாஷை கிடையாது. மலையாளத்தில் எழுதத் தெரிந்த நம் பிள்ளைகளைக் கொண்டே மனு எழுதலாம்.

கேட்கும்போது 'ரோட்டைச் சீராக்கித் தரவும்' என்று பொதுவாகக் கேட்கக்கூடாது. சீராக்குவது என்றால் தார் போட்டு வண்டி வேகத்தைக் கூட்டுவது என்று எடுத்துக்கொள்வார்கள். குறிப்பாகக் கேட்க வேண்டும். எங்கள் ஊருக்கு நான் எழுதி வைத்திருக்கும் பட்டியல் இது:

1. பள்ளி, கல்லூரி வாசல்களில் உயர்த்திய கடவை. அங்கே 30 கிலோமீட்டர் வேக எல்லை.
2. சந்திப்பிலிருந்து பள்ளி வரை ஒரு பக்கமாவது, முறியாத நான்கு முழ நடைபாதை.
3. உடைந்த ஸ்லாப் ஒவ்வொன்றுக்கும் எண். அதை மாற்றுவதற்கு ஒரு கெடு.
4. வளைவில் இருக்கும் பஸ் ஸ்டாப்பை 150 மீட்டர் பார்வை உள்ள இடத்துக்கு மாற்றுதல்.
5. புறவழிச்சாலையை ஊர்ப்பாதை வெட்டும் இடமெல்லாம் விளக்கு. அடிப்பாதையில் நீர் தேங்காமலும் இருட்டில்லாமலும் வைத்தல்.

இவற்றில் எதுவும் கோடிக்கணக்கில் செலவாகும் வேலையன்று. பெரிய ரோட்டுக்கு ஒதுக்கும் பணத்தின் ஓரத்திலேயே முடிந்துவிடும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மும்பையில் இருந்தாலும், பெங்களூரில் இருந்தாலும், தில்லியில் இருந்தாலும், அவரவர் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்க்கலாம். வீட்டிலுள்ள பிள்ளையிடம் ஒரு அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் கொடுங்கள். வீட்டிலிருந்து பள்ளி வரை அதனுடன் நடங்கள். நடைபாதை எங்கே நான்கு முழத்துக்குக் குறைகிறது, எங்கே மறைகிறது, கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று அதுவே எழுதட்டும். வீட்டில் பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்துப் போய், அவர் கடக்கும் நேரத்தையும் குறிக்கட்டும். அந்த ஒரு பக்கக் குறிப்பை நகல் எடுத்து வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். அளந்து எழுதிய காகிதத்தை எந்த அலுவலகமும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நம் சங்கத்தில் இருபது குடும்பங்கள் இதைச் செய்தால் இருபது தெருக்களின் கணக்கு கையில் இருக்கும். அடுத்த கிராமசபைக்கோ வார்டுக் கூட்டத்துக்கோ அதோடு போகலாம். போகும்போது நடந்தே போவோம்.